பெரிய வெள்ளிக்குக் கறுப்புச் சட்டை

அருள்நாயகிக்கு வெள்ளிக்கிழமை என்றால் இரண்டு கடமை. ஒன்று கோயில், மற்றது புது அல்பம். உலகத்து ரொக் பாண்டுகள் எல்லாம் பேசிவைத்தாற்போல வெள்ளிக்கிழமையில்தான் புதுப் பாட்டுகளை வெளியிடுகின்றன. பலெர்மோவின் லிபெர்த்தா தெருவில், வீட்டுவேலைக்குப் போகும் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் அயன்பெட்டியால் உடுப்பு மினுக்கும்போது இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாற்றாமல் கேட்பாள். பேசாலையில் பிறந்து கடல் தாண்டி வந்தவள், வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. "பழைய பாட்டுப்போல வருமோ?" என்று யாராவது பெருமூச்சு விட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பழசைக் கொஞ்சினது காணும். இண்டைக்குப் பிறந்த பிள்ளையையும் ஒருக்கால் தூக்கிப் பாருங்கோ" என்பாள்.

இந்த முறை அவளைப் பிடித்தாட்டியது கத்தானியா நகரத்து நாலு பெட்டைப் பிள்ளைகள் சேர்ந்த லாவா ஃப்ரெத்தா, அதாவது 'ஆறின எரிமலைக் குழம்பு', என்ற பாண்டு. அவர்களின் இரண்டாவது அல்பம் தவக்காலத்து வெள்ளி ஒன்றில் வந்தது. அன்று மாலையே பலெர்மோவில் கச்சேரி. அருள்நாயகி சிலுவைப்பாதை முழுவதையும் முழங்கால் வலிக்க வலிக்க முடித்தாள். பிறகு பல்லாரோ சந்தை வழியாக விறுவிறென்று நடந்துபோய் மேடைக்கு முன்னால் இடம் பிடித்தாள்.

யாரோ எடுத்த வீடியோவில் அவள் கையை உயர்த்திக் கத்துவது பட்டப்பகல்போலத் தெரிந்தது. அது கோயில் வாட்சப் குழுவுக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும்? புறணி ஊர்சுற்ற எங்கள் சனத்துக்கு பஸ் தேவையில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் செபக் குழுத் தலைவர் வலன்ரைன் அவளை வாசலில் மறித்தார்.

"தவக்காலத்திலை ஒரு குடும்பப் பொம்பிளை செய்யிற வேலையோ அக்கா இது? சனத்துக்கு முன்னாலை மன்னிப்புக் கேளுங்கோ. இனி உந்தக் கூத்துக்குப் போறேல்லை எண்டும் சொல்லுங்கோ. இல்லாட்டி இந்த முறை பெரிய வெள்ளிப் பசாமைப் பாட்டுக்குழுப் பிள்ளை றோசமலர்தான் எடுப்பா."

பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளைச் சொல்லி அழும் பசாமில் ஒருவர் முன்னடி பாட, சபை முழுவதும் பின்னடி பாடும். பலெர்மோவுக்கு வந்த காலந்தொட்டு முன்னடி அவளுடையது. அதைப் பாடாத ஒரு பெரிய வெள்ளியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"சொறி எண்டு ஒரு சொல்லுத்தானே அம்மா. சொல்லிவிடுங்கோ, கதை முடிஞ்சிடும்" என்றாள் மகள் மொனிகா.

"களவெடுத்தால் மன்னிப்புக் கேக்கலாம். பாட்டுக் கேட்டதுக்கு ஏன் கேக்கவேணும்?"

அவள் கேட்கவில்லை. அன்றிரவு தலையணை நனைய அழுதாள். அப்படியும் கேட்கவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. துக்க நாள், எல்லாரும் கறுப்பு உடுத்தி வரவேண்டும் என்று வலன்ரைன் குழுவில் எழுதியிருந்தார். அருள்நாயகியும் கறுப்பில்தான் வந்தாள். கச்சேரியில் வாங்கிய கறுப்பு ரீசேட். முதுகில் பாண்டின் பெயர், முன்னால் எரிமலை. வலன்ரைனின் முகம் கொச்சிக்காயாய்ச் சிவந்தது.

"என்னக்கா இது?"

"கறுப்பெண்டுதானே தம்பி எழுதினனீங்கள்" என்று சொல்லிவிட்டு முதல் வாங்கில் போய் உட்கார்ந்தாள்.

றோசமலர் முன்னடி எடுத்தாள். பாவம், நல்ல பிள்ளை. பயத்தில் குரல் கம்மி, இரண்டாவது வாங்கைத் தாண்டவில்லை. சபை எங்கே சேர்வது என்று தெரியாமல் முழித்தது. அருள்நாயகியிடமிருந்து முன்னடியைத்தான் பறித்தார்கள். பின்னடி ஞானஸ்நானம் பெற்ற எல்லாருக்கும் சொந்தம், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. அருள்நாயகி எழுந்தாள். அந்தக் கச்சேரியில் கத்திய அதே தொண்டையைத் திறந்து பின்னடியைப் பாடினாள். சனம் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. அடுத்த அடிக்கு றோசமலரும் அவளைப் பார்த்தே சுருதி எடுத்தாள். மாதாவின் அழுகை வந்த இடத்தில் அருள்நாயகியும் அழுதாள். ரீசேட்டின் எரிமலை நனைந்தது.

முடிந்தபிறகு வலன்ரைன் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார்.

"வாற வருசம் நீங்களே எடுங்கோ அக்கா. ஆனா அந்த மன்னிப்பு..."

"எடுக்கிறன் தம்பி. மன்னிப்புக் கேக்கமாட்டன். சட்டையும் இதுதான்."

வாசலுக்கு வந்ததும் போனை எடுத்தாள். அன்றும் வெள்ளிக்கிழமைதான், புதிதாக மூன்று அல்பம் வந்திருந்தன. "நாளைக்கு ராப்பூசையிலை அல்லேலூயா முடியட்டும், ஆண்டவரோடை உங்களுக்கும் உயிர்ப்புத்தான்" என்று அவற்றிடம் சொல்லிவிட்டு, போனைப் பைக்குள் போட்டாள்.