ஹாலில் நிற்கிற அப்பா

பெருமாள்புரத்தைத் தாண்டி இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைக் கட்டி முடித்தபோது, நானும் என் வீட்டுக்காரரும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனோம். ஊரில் எல்லார் வீட்டு ஹாலும் இருப்பதுபோல நம் ஹால் இருக்கக் கூடாது. உப்பிப்போன ரெக்ஸின் சோபா, அதன்மேல் யாரோ கல்யாணத்தில் கொடுத்த டவல், டிவிக்கு மேலே கண்ணாடிப் பொம்மைகள், ஆணி அடித்த இடமெல்லாம் காலண்டர். ஒன்றும் வேண்டாம். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் முழுக்கக் கூட்டத்திலும் பினாயில் வாடையிலும் கிடந்துவிட்டு வருகிறவள். கதவைத் திறந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக, காலியாக ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அந்த ஆசைக்கு ஒரு பெயர் இருப்பதே போனில் தேடிய பிறகுதான் தெரிந்தது. மிட் செஞ்சுரி மாடர்ன். ஐம்பது, அறுபதுகளில் வெளிநாட்டு வீடுகளில் பரவிய பாணியாம். உயரம் குறைந்த தேக்கு நாற்காலிகள். அவற்றின் கால்கள் கீழே போகப் போக மெலிந்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். முதுகுக்குப் பிரம்புப் பின்னல். சுவரோரமாக, நீளமாக, தாழ்வாக ஓர் அலமாரி. கடுகு மஞ்சளில் மெத்தைகள். நாலாபக்கமும் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு ஒரு சுவர்க் கடிகாரம். மற்றபடி வெறும் இடம். அந்தப் படங்களைப் பார்த்த அன்றைக்கே எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அவர் எதற்கும் தலையை ஆட்டுகிற ரகம்.

மரவேலைக்கு வந்த அண்ணாச்சி முதல் நாற்காலியைச் செங்குத்தான கால்களோடு செய்துகொண்டு வந்து நிறுத்தினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. படத்தைக் காட்டித்தானே கொடுத்தேன் என்று கத்தினேன்.

"படத்துல கோணலாத்தாம்மா இருந்திச்சி. போட்டோ எடுத்தவன் சரிச்சு எடுத்துட்டான்னுல்லா நெனச்சேன். நாம செய்யும்போது நேரா செஞ்சு குடுக்கண்டாமா?" என்றார் அவர்.

திரும்பக் கழற்றி, திரும்ப இழைத்து, எப்படியோ எல்லாம் வந்து சேர்ந்தன. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அந்தப் பிரம்புப் பின்னலில் விழும்போது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். நான் பிறந்தது தேயிலை எஸ்டேட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில். ஒரே அறையில் சமையலும் படுக்கையும். அப்படி வளர்ந்தவள் இப்படி ஒரு ஹாலுக்குச் சொந்தக்காரி என்று நினைத்தால் கொஞ்சம் திமிராகக்கூட இருந்தது. அந்தத் திமிரை நான் மறைக்கவும் இல்லை.

எஸ்டேட் மணிமுத்தாறுக்கு மேலே, மலையில். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா இளவயதில் ஃபாக்டரியில் இருந்தார், பிறகு பங்களா வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பங்களா என்றால் மேனேஜர் குடியிருக்கும் வீடு. மேனேஜர் நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும் அவர் பெயர் துரைதான். ஆறாம் வகுப்புக்கு என்னைக் கீழே விடுதியில் சேர்த்தார்கள். அப்புறம் லீவுக்கு மட்டும்தான் மலை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் அப்பா அங்கேயே இருந்தார். எவ்வளவு கூப்பிட்டும் இறங்கவில்லை. "ஏட்டி, கீழ வெக்கைய என்னால தாங்க முடியாது" என்பார்.

கடைசியில் எஸ்டேட் வேலையே நின்றது. ஒவ்வொரு குடும்பமாக இறங்கினார்கள். அப்பாவும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு சாக்கு மூட்டையோடும் இறங்கினார். பஸ் நிலையத்துக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஹாலைப் பார்த்து அசந்துபோவார், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நான் முன்னாலே ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்துவைத்தேன்.

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி, படியில் விடாமல், ஓரமாகத் தள்ளி ஜோடியாக வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு பைய உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏட்டி, இது தொரை வீட்டு ஹாலுல்லா?"

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"வெளையாடல, நெசமாத்தான் சொல்லுதேன். இதே நாக்காலி. இதே பெரம்பு. இதே மாதிரி காலு. அங்கன செவத்தோரம் இதே அலமாரி. எந்தக் காலத்திலயோ ஒரு வெள்ளக்காரத் தொரை வாங்கிப் போட்டது, அப்புறம் வந்த ஒருத்தரும் மாத்தல. நான் தொடைக்காத நாளு கெடையாது. இந்தக் கடியாரம் மட்டுந்தான் அங்க இல்ல."

எனக்கு எப்படித் தெரியும்? லைன் பிள்ளைகள் பங்களாவின் பூச்செடி வேலியைத் தாண்டிப் போனதே இல்லை. நான் பார்த்ததெல்லாம் பின்பக்கச் சமையல்கட்டின் வாசல். அப்பாவுக்குச் சோற்று வாளி கொண்டுபோனால் அங்கேதான் நிற்பேன். நான் ஒரு நாளும் பார்க்காத ஹாலை, ஆசை ஆசையாக, எங்கெங்கோ தேடி, அச்சுப் பிசகாமல் கட்டிவைத்திருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

"சரி, உக்காருப்பா" என்றேன்.

"பஸ்ல உக்காந்து வந்து இடுப்பு புடிச்சிட்டு. செத்த நிக்கேன்."

அது அன்றைக்கு. மறுநாள் வேறு ஒரு காரணம். அதற்கு மறுநாள் காரணமே சொல்லவில்லை, சும்மா நின்றார். தரையில் உட்காரலாம் என்றால் அவரால் முடியாது. முழங்கால் தேய்ந்துவிட்டது, உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். அறையில் கட்டில் இருக்கிறதே என்றால், "பகல்ல கட்டில்ல கெடந்தா சீக்காளி மாதிரில்லா இருக்கும்" என்கிறார். ஆக, நிற்கிறார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நிலைப்படியை ஒட்டி ஓர் இடம். அங்கே நின்றால் ஹாலில் இருப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லை, ஆனால் மெல்லக் கூப்பிட்டாலும் காதில் விழும். அந்த இடத்தை யாரும் அவருக்குக் காட்டவில்லை. வந்த அன்றே அவராகக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் கணுக்காலில் வீக்கம். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, அப்படியே நிற்கிறது. எங்கள் டாக்டரிடம் காட்டினேன். மாத்திரை எழுதிவிட்டு, "ரொம்ப நேரம் நிற்க விடாதீங்க, சிஸ்டர்" என்றார். அவ்வளவுதானே, சுலபம்தானே என்பதுபோலச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்து, சிரித்துக்கொண்டே உட்காரவைத்தார். மருமகன் மரியாதைக்கு அப்பாவும் விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தார். நான் அறையிலிருந்து வெளியே வந்தேன், டக்கென்று எழுந்துவிட்டார். அவருக்கே தெரியாமல் எழுந்துவிட்டார் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தேன். அதில் தயக்கமில்லாமல் உட்கார்ந்தார். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் போய்ப் போட்டுக்கொண்டார். பால்காரர் வந்தால் எழுந்து கேட்டைத் திறப்பது, என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் தெருமுனைக்கு நான் வருமுன்பே திறந்துவைப்பது. எதிர்வீட்டுக்காரி, "வாட்ச்மேன் போட்டுட்டியளாக்கும்?" என்று கேட்டாள். அவளை நான் பார்த்த பார்வையில் அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்த நாற்காலியை உள்ளே கொண்டுவந்து ஹாலின் நடுவில் போட்டேன். "நல்ல ஹால இதப் போட்டுக் கெடுக்காதட்டி" என்று அப்பா அதை மாடிப்படிக்குக் கீழே ஒளித்துவைத்தார்.

கோபத்தில் ஒருநாள் கேட்டேவிட்டேன். "துரை ஒன்ன உக்காரக் கூடாதுன்னு சொன்னாராப்பா?"

"சேச்சே. ஒருத்தரும் சொன்னதில்ல. அதெல்லாம் சொல்லணுமாக்கும்?" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "ஒங்கம்மா செத்ததுக்கு லீவு கேக்கப் போனேன்லா, அன்னைக்கித் தொரையே உக்காரச் சொன்னாரு. நாக்காலிய இழுத்தும் போட்டாரு. நான் உக்காரல. உக்காந்திருந்தா அழுதிருப்பேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

நான் இல்லாத நேரத்தில் வீடு மின்னியது. ஒரு துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு அப்பா நாற்காலிக் கால்களைத் துடைத்துவைத்திருப்பார். மெத்தைகளைத் தட்டி, மூலை பிசகாமல் சாத்திவைத்திருப்பார். "அவருக்கு அதுல ஒரு சந்தோஷம், விடேன்" என்றார் வீட்டுக்காரர். சந்தோஷமா? இருக்கலாம். எனக்கு அந்த வீக்கம்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் விற்றுத் தொலைத்துவிடலாம், எல்லாரையும்போல ரெக்ஸின் சோபாவே வாங்கலாம் என்றேன். சொன்னது அப்பா காதில் விழுந்துவிட்டது.

"ஆசப்பட்டு செஞ்சத என்னால விக்கப் போறியா? அப்படின்னா நான் எங்கனயாவது போயிருதேன்."

"எங்கன போவ?"

கேட்டிருக்கக் கூடாது. கோபத்தில் வந்துவிட்டது. மலையில் அவர் இருந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கீழே அவருக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. அதன் பிறகு விற்கிற பேச்சை நான் எடுக்கவில்லை, போகிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் ஆபீஸிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். அவர்களும் வீடு கட்டுகிறார்களாம், எங்கள் ஹாலைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார்கள். அந்த அம்மாள் நாற்காலிக் காலைத் தடவிப் பார்த்து, படம் எடுத்து, எங்கே செய்தது, என்ன மரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சாமான்யப்பட்டவளா? அலுக்காமல் அளந்துகொண்டிருந்தேன். அப்பா சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, சத்தமே இல்லாமல் வந்தார். முதலில் அந்த அம்மாளின் பக்கம் குனிந்தார். அவள் பேச்சை நிறுத்தாமல் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"சீனி கூடிப்போச்சே" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"மாத்திக் கொண்டாரேன்" என்று அப்பா கையை நீட்டினார்.

"மாமா, நீங்க வைங்க" என்று என் வீட்டுக்காரர் எழுந்தார். "இவங்க என் மாமனார்."

அந்த அம்மாள் பதறி எழுந்துவிட்டாள். அவள் புருஷனும் எழுந்தார். நானும் எழுந்தேன். ஹாலில் இருந்த அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம், நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. அப்பாதான், "இருங்க, இருங்க, நீங்க இருங்க" என்று எல்லாரையும் கெஞ்சினார். அவர்களால் இருக்க முடியவில்லை. அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள். அவள்மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை. தெரியாதவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்காரர் அவர்களை வழியனுப்பப் போனார். அப்பா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குள் இத்தனை நாள் கிடந்ததெல்லாம் கிளம்பி வந்தது. தட்டைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தேன். அப்போது வந்தது வீட்டில் பேசுகிற குரல் அல்ல. ஆஸ்பத்திரியில் டாக்டர் அறை வாசலில் முண்டுகிற கூட்டத்தை அதட்டுகிற குரல். அது தானாக வந்தது, அதற்குரிய மரியாதையோடேயே வந்தது.

"மொதல்ல அங்க உக்காருங்க!"

அப்பா உட்கார்ந்தார். விளிம்பில் தொத்தவில்லை. சாய்ந்து, சரியாக, முழு நாற்காலியிலும் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"சரிங்கம்மா" என்றார்.

பிறந்ததிலிருந்து எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த 'ங்க' வந்ததே கிடையாது. அவர் என்னைத் திட்டினாலும் கொஞ்சினாலும் ஏட்டிதான். கேலிக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போதும், எழுந்திருப்பா என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அதையும் உடனே கேட்டுவிடுவார் என்று பயமாக இருந்தது. அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.