வாசலில் நின்று அயோ என்பவர்

பதினாறு வருடம் கப்பலில் சமைத்தேன். அதில் பாதிக் காலம் என்னோடு இருந்தவர் செபுத் தீவுக்காரர் ஒருவர். மேல்தளத்து வேலையாட்களுக்குத் தலைவர். அவருடைய செபுவானோ மொழியில் எனக்குப் பிடிபட்ட ஒரே வார்த்தை 'அயோ'. முன்னும் பின்னும் என்னென்னவோ ஒட்டிச் சொல்வார். என் காதில் விழுவது அயோ மட்டும்தான். மீன்குழம்பு நன்றாக இருந்தால் அயோ. பழுதான அடுப்பைச் சரியாக்கினால் அயோ. காய்ச்சல் விட்டாலும் அயோ. அவர்கள் ஊரில் அடுத்த வீட்டுக்குப் போகிறவர் வெளியே நின்று "அயோ!" என்று குரல் கொடுப்பாராம். உள்ளிருந்து பதில் வந்த பிறகே படியேறுவாராம்.

நான் கப்பலை விட்டு ஊரோடு தங்கிய பிறகு, ஞாயிறுதோறும் பூசை முடிந்து நாங்கள் வீடு சேரும் நேரத்தில் வீடியோவில் வருவார். திரை முழுக்க முகம். "அயோ!"

"கேறி வாருங்க அண்ணா, சாயா உண்டு" என்பாள் என் மனைவி.

அவருக்கு இங்கிலீஷ், இவளுக்குத் தமிழும் மலையாளமும். அரைமணி நேரம் பேசுவார்கள். மொழிபெயர்க்கிறேன் என்று நான் தலையை நீட்டினால், "நீங்க அந்தால போங்க, எங்களுக்கு வெளங்குது" என்று விரட்டுவாள்.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு அறுவைச்சிகிச்சை நடந்த அன்று நான் இரண்டு இடதுகால் செருப்போடு போய் நின்றேன். நோயாளி பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

"ஆப்பரேசன் எனக்கா, ஒங்களுக்கா?" என்றாள். நர்சும் சிரித்துவிட்டார்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு இல்லாமல் போனாள்.

அடக்கம் முடிந்து முதல் ஞாயிறு போன் அடித்தது. தலையணைக்கு அடியில் தள்ளினேன். மறு ஞாயிறு போனை வீட்டிலேயே விட்டுவிட்டு உதியன்குளங்கரைக்கு நடந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி மூன்று சாயா குடித்தேன். புயலில் கப்பல் சாய்ந்தபோது குழம்புச் சட்டியைக் கட்டிப்பிடித்து நின்ற வீரன் நான். செபுவிலிருந்து வரும் ஒரு போனுக்குப் பயந்து ஓடினேன்.

மூன்றாம் ஞாயிறு, அடக்கத்துக்கு வந்து கூடவே தங்கிவிட்ட மகள் போனை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அயோ!" என்றார் அவர்.

பதில் சொல்ல வேண்டியவள் இல்லை. அவர் காத்திருந்தார். மறுபடியும் கூப்பிட்டார்.

"அவ ஒறங்குதா" என்றேன், அவருக்குத் தெரியாத தமிழில். பிறகு இங்கிலீஷிலும் அதையே சொன்னேன்.

"நல்லது, எழுப்பாதே" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். அவள் தூக்கம் கலைந்துவிடக் கூடாதாம்.

"அப்பா, எதுக்குக் கள்ளம் சொல்லுதிய?" என்றாள் மகள். அவள் கண் நிறைந்திருந்தது.

உள்ளதைச் சொன்னேன். இங்கிலீஷில் தொடங்கி, மலையாளத்தில் தடுக்கி, தமிழில் விழுந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார். உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் ஈரக்கையோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் போனை வைக்கவில்லை. மகள் சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டினாள்.