வெறுங்குழாய்

அவள் இருபத்தாறு வருடங்கள் கண்ணாடி கழுவினாள். மூன்றாம் மாடியில், நீண்ட ஆய்வறையின் கோடியில், இரண்டு தொட்டிகளுக்கும் ஒரு மின்சூளைக்கும் நடுவே. எல்லாருக்கும் அவள் கண்ணாடி அக்கா. அவளைவிட மூத்த துறைத்தலைவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

அங்கே டீசல் தின்னும் பாக்டீரியாக்களை வளர்த்தார்கள். எண்ணெய் கசிந்து கறுத்த மண்ணிலிருந்து எடுத்தவை. எண்ணெய்க்குள்ளேயே கிடந்து அதையே தின்னும் உயிர், தான் கரைந்துபோகாமல் எப்படி இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. பதில் அதன் சவ்வில் இருந்தது. சவ்வு கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பை குளோரோஃபார்மில் கரைத்தெடுத்து எந்திரத்தில் ஏற்றினால், திரையில் ஓடும் கோட்டில் ஒவ்வொரு கொழுப்பும் ஒரு முள்ளாக எழும்பும்.

பாக்டீரியாவை அவள் உருப்பெருக்கியில் பார்த்ததில்லை. கலங்கிய தண்ணீரில் பார்க்க என்ன இருக்கிறது. ஆனால் கொழுப்பை அவளுக்குத் தெரியும். அதை ஒழிப்பதுதான் அவள் வேலை. ஒரு விரல் பட்டால் குழாயில் மனிதக் கொழுப்பு ஏறிவிடும். கழுவி, அமிலத்தில் ஊறவைத்து, அலசி, நானூற்றைம்பது டிகிரிச் சூளையில் வைத்து எடுப்பாள். அதன் பிறகு கை படக் கூடாது; இடுக்கிதான்.

ஒவ்வொரு சோதனையிலும் பாக்டீரியா போடாத குழாய் ஒன்று உண்டு. மற்றவற்றுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்வார்கள். வெறுங்குழாய் என்று பேர். அதில் முள் எழாவிட்டால் மற்றவற்றில் எழுந்ததை நம்பலாம். இருபத்தாறு வருடங்களில் அவள் எடுத்துக் கொடுத்த வெறுங்குழாயில் ஒரு முள்ளும் எழுந்ததில்லை.

"அக்கா குழாயை ஏத்துனா எந்திரத்துக்கே தூக்கம் வந்துடும்" என்பார் எந்திரம் இயக்குபவர். அவள் சிரிக்கமாட்டாள். ஆனால் அன்று நிமிர்ந்து நடப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் ஆராய்ச்சி மாணவி ஒருத்திக்கு நான்காம் வருடம். உடம்பெல்லாம் அந்த எண்ணெய் வாடை வீசியதால் அவளை டீசல் என்று கூப்பிட்டார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலிதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள். சர்க்கரையில் வளர்த்த பாக்டீரியாக்களின் சோதனையை வெயில் காலத்திலேயே முடித்திருந்தாள். டீசலில் வளர்த்தவை இப்போது ஏறின. அவற்றில் ஒரு புது முள். மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் எழுந்தது.

"வெறுங்குழாய் பார்த்தியா?" என்றார் துறைத்தலைவர்.

"சுத்தம் சார்."

அவர் அடுத்த மாதக் கருத்தரங்கில் அவளுக்கு இடம் கேட்டு எழுதினார். டீசல் தொட்டிப் பக்கம் ஓடிவந்தாள்.

"மெழுகு அக்கா. ஆட்டு ரோமத்துல இருக்குமே, அந்த மாதிரி. எண்ணெய்க்குள்ள இருக்கறதால மேல பூசிக்குது போல. இதுல யாரும் இதுவரை பார்த்ததில்ல. இது ஒண்ணு போதும், என் நாலு வருசத்துக்கும்."

"நல்லாயிரு" என்றாள் அக்கா. வெடித்திருந்த கட்டைவிரலை ஈரத்துணியில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை கைக்குத் தைலம் போட உட்கார்ந்தவள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். நர்ஸாக இருக்கும் மகள் கொடுத்தது. குளிர் தொடங்கியதிலிருந்து அதைத்தான் பூசினாள். பொடி எழுத்தில் நாலாவதாக இருந்தது: ஆட்டு ரோமக் கொழுப்பு.

கையுறை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, போட்டால் தடித்துவிடும். விரல் வெடித்த பிறகு இடுக்கியும் பிடிபடவில்லை. குழாய்களை வாய்ப்பக்கம் பிடித்துக் கையால்தான் தாங்கியில் அடுக்கினாள். துடைத்த கைதானே என்று இருந்துவிட்டாள்.

பேருந்து ஓட்டும் கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, தைலத்தைப் பாடமா படிக்கிற?"

சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "உனக்கு இன்னும் எட்டு மாசம்தான் வேலை. அந்தப் பொண்ணும் சந்தோசமா இருக்கு. பேசாம இரு" என்றார். "பஸ்ல ஒருத்தன் செருப்ப விட்டுட்டு இறங்கிட்டான்னா அதுக்காக வண்டிய நிறுத்துவேனா?"

"நிறுத்துவீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "போன வாரம் நிறுத்தினேன். எல்லாரும் திட்டினாங்க."

ஆய்வறையில் டீசல் அடுத்த சோதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள்.

"வெறுங்குழாய் குடுங்கக்கா."

"இன்னிக்கு நான் குடுக்கல. தாங்கியிலேர்ந்து ஏதாவது ஒண்ண நீயே எடும்மா."

"எல்லாம் ஒண்ணுதானே?"

"இல்ல. அதை மட்டும் நான் தனியா வைப்பேன்."

"தனியான்னா?"

"கீறல் இல்லாததா பாத்து. ரெண்டு தடவ சூளையில போட்டு. எவ்வளவு வலிச்சாலும் அத மட்டும் இடுக்கியாலதான் தொடுவேன்."

டீசல் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா?"

"வந்த நாள்லேர்ந்து. அதுல ஒண்ணும் வரக்கூடாதுன்னு சொன்னாங்க."

"மத்ததுக்கு என்ன ஆகுதோ அதுக்கும் ஆகணும்க்கா. அழுக்குன்னா அதுலயும் அழுக்கு வரணும். அதுக்குத்தான் அது."

"அத யாரும் சொல்லலயே." அக்கா பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து, பொடி எழுத்தில் நாலாவதாக இருந்ததைக் காட்டினாள்.

டீசல் தாங்கியிலிருந்து ஒரு குழாயை எடுத்தாள். மாலையில் அதை எந்திரத்தில் ஏற்றினார்கள். இருவரும் திரை முன் நின்றார்கள். இருபத்து மூன்றாம் நிமிடத்தில் முள் எழுந்தது. உயரமாக, அழகாக, அதே இடத்தில்.

எந்திரம் இயக்குபவர் வெளியே போனார்.

"கையக் காட்டுங்க" என்றாள் டீசல். பார்த்தாள். "இவ்வளவு வெடிச்சிருக்கு. ஏன் சொல்லல?"

"இதப் போய் யார்கிட்ட சொல்றது."

டீசல் கையை விடவில்லை. அழவும் இல்லை. திரையில் கோடு அதன்பாட்டுக்குத் தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது.

கருத்தரங்கில் கேட்ட இடம் வேண்டாம் என்று எழுதினார்கள். துறைத்தலைவர் இருபத்தாறு வருடங்களின் ஆய்வுகளை எடுத்து மேசையில் பரப்பி இரண்டு நாள் பார்த்தார். முன்பெல்லாம் அவள் எல்லாவற்றையும் இடுக்கியால்தான் தொட்டாள். பழையவை பிழை என்று அவரால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லும் வழியும் போய்விட்டது. மூன்றாம் நாள் தொட்டிப் பக்கம் வந்து நின்றார்.

"நாங்கதான் சொல்லியிருக்கணும் கண்ணாடி அக்கா."

"நானாவது கேட்டிருக்கணும் சார்."

டீசல் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மெழுகு இல்லை. மிஞ்சியது ஒரு சின்ன விஷயம். பதினேழு கார்பன் நீளமுள்ள எண்ணெயைக் கொடுத்தால் பாக்டீரியா பதினேழு கார்பன் கொழுப்பையே சவ்வில் வைத்துக் கட்டுகிறது. தின்பதே சுவராகிறது. பிறர் முன்பே கண்டதுதான். அதை வைத்து, ஒரு வருடம் பிந்தி, அவள் பட்டம் வாங்கினாள்.

அக்கா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டாள். விரல் ஆறியிருந்தது, கடைசி மாதங்களில் எல்லாக் குழாய்களையும் இடுக்கியாலேயே அடுக்கினாள். வெறுங்குழாய் கேட்கும்போது மட்டும் தாங்கி முன் நின்று கண்களை மூடிக்கொள்வாள். இடுக்கி எதில் படுகிறதோ அதை எடுத்துக் கொடுப்பாள். கடைசி நாளன்று கொடுத்த குழாயின் அடியில் ஒரு கீறல் இருந்தது. கண் திறந்து பார்த்தாள். மாற்றவில்லை.