கொதிகலனுக்கு ஒரு தூதுக்குழு

குளிரில் நடுங்கும் ஒரு குழந்தைக்காகப் பேசப் போகிறவர் எந்த மதப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும்? எண்பதுகளின் நடுவில், கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் வாடகைக்கிருந்த கட்டடத்தில், வளர்ந்த மனிதர்கள் இரண்டு மாலைகள் இதை விவாதித்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்த ஜனவரியில் கொதிகலன் பழுதாகி, சுவரோர வெப்பக் குழாய்கள் வெறும் இரும்பாகக் கிடந்தன. கட்டடத்தில் பாதிப்பேர் லெபனான் போரிலிருந்து தப்பிவந்தவர்கள். வீட்டுக்காரரும் லெபனான்காரர்தான், மாரோனைட் கத்தோலிக்கர், போருக்கு முன்பே வந்து நிலைத்தவர். மேல்மாடி ஷியா தம்பதியின் கைக்குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. எல்லோரும் சேர்ந்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்போம் என்று, படித்தவனுக்குரிய நம்பிக்கையோடு, நானே சலவை அறையில் கூட்டம் கூட்டினேன்.

முதலில் பேசுவது யார் என்பதிலேயே கூட்டம் சிக்கிக்கொண்டது. அவர்கள் நாட்டில் ஜனாதிபதி மாரோனைட், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்று பதவிகளைப் பங்கிட்டிருந்தார்கள். நாட்டை எரித்த காரணங்களில் அந்தப் பங்கீடும் ஒன்று. அதையே இங்கும் இறக்கினார்கள். அவர்கள் பேசிய பிரெஞ்சு, இலங்கைத் தமிழனான என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாக விழுந்தது இப்படித்தான்:

"தலைவர் எங்கட ஆள்," என்றார் மாரோனைட் தையற்காரர்.

"அப்ப நாங்கள் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதோ?" என்றார் சுன்னி டாக்சிக்காரர்.

"பிள்ளை என்ரை. நான்தான் கதைப்பன்," என்றார் குழந்தையின் தகப்பன்.

தையற்காரர் எழுந்தார். "அடையாள அட்டையிலை மதத்தைப் பாத்துத்தான் என்ரை தம்பியைச் சாவடியிலை காரிலையிருந்து இறக்கிச் சுட்டவங்கள். நான் உனக்குப் பின்னாலை வாறதோ?"

அந்தத் துயரம் பொய்யல்ல. ஆனால் அந்தக் குழந்தை எந்தச் சோதனைச் சாவடியிலும் துப்பாக்கியோடு நின்றதில்லை.

இரண்டாம் கூட்டமும் கலைந்த மறுநாள், வீட்டுக்காரர் மாரோனைட் வீடுகளுக்கு மட்டும் மின்சார ஹீட்டர் அனுப்பினார். மன்னார்க் கத்தோலிக்கனான என் கதவில் சிலுவை தொங்கியதால் எனக்கும் ஒன்று வந்தது. என்னோடு தங்கியிருந்த மட்டக்களப்புத் தம்பி சைவன்.

"அண்ணை, உங்கட சிலுவைக்கு ஹீட்டர் வந்திருக்கு. என்ரை பிள்ளையாருக்கு ஒரு போர்வையாவது கேட்டுப் பாருங்கோவன்."

சிரித்தேன். சிரித்து முடிவதற்குள் உடம்பு கொதித்தது. ஒரு கட்டடத்தை இரண்டாகப் பிளக்க அந்த மனிதருக்குச் சில ஹீட்டர்கள் போதுமாயிருந்தன. தையற்காரரிடம் ஓடினேன். "எங்கட பிரச்சினை முடிஞ்சுது, இனிக் கூட்டம் என்னத்துக்கு?" என்று கதவைச் சாத்தினார்.

என் ஹீட்டரை மேல்மாடிக்குத் தூக்கிப் போனேன். "கிறிஸ்தவன்ரை பிச்சை வேண்டாம்," என்று தகப்பன் வாசலை மறித்தார். பின்னாலிருந்து மனைவி கத்தினாள்: "முதல் அதைக் கொழுவு! பேந்து உன்ரை மானத்தைப் பாப்பம்!"

ஹீட்டரை மின்சாரத்தில் கொழுவினார். ஆனால் மறுநாள் காலை ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தை பிழைத்தது; ஆனாலும் நுரையீரல் பழையபடி தேறாது என்று மருத்துவர் சொன்னதாகத் தாய் அழுதாள். மருத்துவமனை நகரசபைக்கு அறிவித்த பிறகே கொதிகலன் திருத்தப்பட்டது. அந்தக் குடும்பம் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய் நகருக்குப் போய்விட்டது.

வசந்தத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் எனக்கு உபதலைவர் பதவி தர முன்வந்தது. "வேதக்காரருக்கு ஒரு இடம் குடுக்கத்தானே வேணும், அண்ணை," என்றார்கள், கிறிஸ்தவர்களைச் சொல்லி. மறுத்தேன். அதன்பின் மதத்தின் பேரில் வந்த எந்தப் பதவியையும் நான் ஏற்கவில்லை; அந்தச் சங்கத்தில் பலர் என்னோடு கதைப்பதையும் நிறுத்திக்கொண்டார்கள்.