பக்கத்து சீட்டில் கூழைக்கடா

நண்பர்களே, இன்று மனைவியுடன் தாம்பரத்தில் இதய டாக்டரிடம் போனேன்.

"நெஞ்சுவலி நின்னுடுச்சு சார். ஆனா இந்த மாத்திரை போட்டதுலேருந்து ஒரே கனவு. மின்சார ரயில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத் தண்ணி மேல மிதந்து போகுது. பக்கத்து சீட்ல கூழைக்கடாப் பறவை."

"நேத்து தூக்கத்துல, 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க மேடம்'னு கொஞ்சறார் டாக்டர்" என்றாள் மனைவி.

அது கூழைக்கடாதான் என்றேன். அவள் நம்பவில்லை. "இன்னியோட மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?"

"திடீர்னு நிறுத்தினா அட்டாக்கே வரலாம்மா. ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு வேற மாத்திரைக்கு மாத்திடறேன். கனவு வராது."

வெளியே வந்தபோது நிஜ ரயில் தரையிலேயே போய்க்கொண்டிருந்தது, பாவம்.

மிதக்கும் ரயில் இன்னும் இரண்டு வாரம்தான் ஓடும். நம் ஈமெயில் குழுவில் யாருக்காவது ஜன்னல் சீட் வேண்டுமா?