சரணத்தை நான் அனுப்பவில்லை

எங்கள் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் புதுப் பாட்டுகள் போட்டு இறுவட்டு வெளியிடுவார்கள். போன வருஷம் நானும் ஒரு மெட்டுப் போட்டு, மானிப்பாய்ப் பக்கம் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருப்பவருக்குக் கைத்தொலைபேசியில் பாடி அனுப்பினேன். பல்லவியும் அனுபல்லவியும்தான். சரணத்தைத் தொடங்குகிற நேரம் குக்கர் விசிலடித்தது. பிறகு அனுப்பலாம் என்று விட்டுவிட்டேன்.

அவரிடமிருந்து பதிலே இல்லை. திருவிழாவில் ஒலிபெருக்கியில் என் மெட்டு வருகிறது! இறுவட்டின் உறையில் ‘இசை’ என்று அவருடைய பெயர். சரணம் வர வேண்டிய இடத்தில் பல்லவியையே திருப்பித் திருப்பிப் போட்டு ஒப்பேற்றியிருந்தார்.

கோயில் வீதியில் மறித்துக் கேட்டேன். “தங்கச்சி, மெட்டுப் போடுறதெண்டால் என்ன, புட்டவிக்கிறமாதிரியோ? நீர் முனகி அனுப்பினதை ஆர் கேட்டது?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அறுவான், உனக்கு இருக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பாட்டை நானே பதிந்து அந்த ஆளின் முகத்துக்கு நேரே போட்டுக் காட்டாவிட்டால் நான் நானில்லை.

மிடி கீபோர்டு ஒன்று வாங்கினேன். என் புருஷன் நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டினார். நான் கட்டையை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை.

“இஞ்சேரும், உது பழுதாய்ப் போச்சுதோ?” என்றார் அவர்.

பழுதில்லை. அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்லும், அவ்வளவுதான். குரலை மென்பொருள்தான் தர வேண்டும். இதைக் கண்டுபிடித்து, வயரைச் செருகி, மென்பொருளின் அமைப்புகளுக்குள் போய்க் கீபோர்டைத் தெரிவுசெய்தேன். வீணைக் குரல் வந்தது. ஆனால் நான் அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது. அதையும் தேடித் திருத்தினேன். மூக்கு முட்டக் கோபம் இருந்தால் எதையும் படிக்கலாம்.

ஆனால் சுருதி சேரவில்லை. சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு வாசித்தால் ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் ஏறிக் கேட்டது. நாள்கணக்காக மண்டையை உடைத்தேன். அந்த ஆள் சொன்னது சரிதானோ, எனக்கு இது வராதோ என்றுகூட நினைத்து அழுதேன். கடைசியில், கீபோர்டின் ஓரத்தில் இருக்கிற, சுரத்தை வளைக்கிற சக்கரத்துக்கென்று திரையில் ஒரு கோடு இருப்பதைக் கண்டேன். யாரும் தொடாதபோது நடுவில் நிற்க வேண்டிய கோடு சற்று மேலே நின்றது. குனிந்து பார்த்தால், என் புருஷன் வைத்த சந்தனம் காய்ந்து, சக்கரத்தைத் திரும்பவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது!

“பிள்ளையாருக்குச் சாத்தினமாதிரி அப்பி வைச்சிருக்கிறியளே!”

“கண்ணூறு படக்கூடாதெண்டுதான்...” என்று இழுத்தார். பழைய பல்துலக்கியால் சுரண்டி எடுத்தேன். சுருதி சேர்ந்தது.

நானே வாசித்து, நானே பாடிப் பதிந்தேன். கோயில் தலைவருக்குப் பாட்டுப் பிடித்துவிட்டது. இந்த வருஷ இறுவட்டில் அதைச் சேர்த்துவிட்டு, வெளியீட்டில் முதற்பிரதியை யாருக்குக் கொடுப்போம் என்று கேட்டார். அது எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதை. ஒலிப்பதிவுக்கூடக்காரரின் பெயரைச் சொன்னேன்.

“உமக்கு நல்ல மனசு, பிள்ளை” என்றார் தலைவர். நல்ல மனசாம், மண்ணாங்கட்டி!

வெளியீட்டு நாளில் ஒலிப்பதிவுக்கூடக்காரர் பட்டுச் சால்வையோடு கோயில் மண்டபத்துக்கு வந்தார். என் கையிலிருந்து முதற்பிரதியைக் குனிந்து வாங்கினார். மடிக்கணினியில் பாட்டைப் போட்டேன். பல்லவி தொடங்கியதும் ஒலிவாங்கியைப் பிடித்து, “இது என்ரை மெட்டெல்லோ! போன வருஷம் நான் போட்டது” என்றார்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். அனுபல்லவி முடிந்த இடத்தில் பாட்டை நிறுத்தினேன்.

“ஓம் அண்ணை, உங்கடை மெட்டெண்டால் மிச்சத்தைப் பாடுங்கோ. சரணம் எப்பிடிப் போகும்?”

மண்டபமே அவரைப் பார்த்தது. பல்லவியையே மறுபடி இழுத்தார். அவருக்கு நன்றாக வியர்க்கட்டும் என்று விட்டுவிட்டுத்தான் மறுபடி பாட்டை ஓடவிட்டேன். சரணம் வந்தது. போன வருஷம் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கிச் சொன்னேன்:

“மெட்டுப் போடுறது புட்டவிக்கிறமாதிரியோ எண்டு போன வருஷம் கேட்டியளெல்லோ அண்ணை? ஓம், புட்டவிக்கிறமாதிரித்தான். நீங்கள் அவியமுன்னம் தூக்கிக்கொண்டு ஓடிட்டியள்.”