நெஞ்சுக்குள் நின்ற காற்று

சிம்மக்கல் வாழைக்காய் மண்டியில் வெள்ளைத்துரை ஏலம் கூறினால் தெருமுனை டீக்கடைவரை கேட்கும். அவன் மனைவி மாயக்காள் அதற்கு நேர்மாறு, அதிகம் பேசமாட்டாள். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகிப் பழங்காநத்தத்து ஒற்றை அறை வீட்டுக்கு வந்தவள். "எனக்கும் சேத்து அவரே கத்திருவாரு" என்பாள்.

1978 பங்குனியில் அவர்கள் மகளுக்கு அம்மை போட்டது. கொப்புளம் காய்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பிள்ளை விளையாடப் போன பிறகு வெள்ளைத்துரை படுத்தான். பிள்ளைக்கு வந்த மாதிரி இல்லை. உள்ளங்கையில்கூட முத்து. மாயக்காள் வாசலில் வேப்பிலை செருகினாள். வாழையிலையில் படுக்கவைத்து இளநீரும் கூழும் கொடுத்தாள்.

பிறகு இருமல் பிடித்தது. பீடி இருமல் என்றுதான் முதலில் நினைத்தாள். துப்பியதில் ரத்தம் கோடாக இருந்தது. ஒரு பேச்சை முடிக்குமுன் இரண்டு தடவை மூச்சு வாங்கினான். அவன் சொந்த ஊரிலிருந்து அண்ணன் மலையாண்டி பார்க்க வந்து தங்கினார்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமா மாமா?"

"என்ன பேச்சுப் பேசுற புள்ள? ஆத்தா வந்திருக்கிற உடம்புல ஊசியக் குத்தினா சும்மா இருப்பாளா? தானா வந்தவ, தானாப் போவா."

மாயக்காளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். மறுநாளும் அப்படியே போனது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் நீளமாக ஒரு இருமல் வந்தது. பாதியில் "ஆ" என்று வலது மார்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். உதடு நீலம் பாய்ந்தது. கழுத்து நரம்புகள் புடைத்தன.

"மாயி... மூச்சு... உள்ள போகல."

அவள் அவனைத் தூக்கி உட்காரவைத்து வேட்டியால் போர்த்தினாள். மலையாண்டி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"படி தாண்டினா அவன் சாவு உன் தலையில."

"என் தலையிலயே இருக்கட்டும். வழிய விடுங்க மாமா."

அம்மை என்றதும் ரிக்‌ஷாக்காரன் மிதித்துக்கொண்டு போய்விட்டான். கடைகளுக்குக் காய் இறக்க வந்திருந்த மண்டிக் கைவண்டிக்காரர் மொக்கையன்தான் வண்டியில் சாக்கை விரித்தார்.

"ஒங்களுக்கும் ஒட்டிக்கிருமேண்ணே."

"எனக்குச் சின்னப் புள்ளையிலயே போட்டுருச்சு. நீ அவன் தலையப் பிடி, நான் தள்றேன்."

பெரியாஸ்பத்திரிவரை வெயிலில் தள்ளிக்கொண்டு போனார். மாயக்காள் முந்தானையை விரித்து அவன் முகத்துக்கு நிழல் பிடித்தபடி கூடவே ஓடினாள்.

டாக்டர் பாகீரதி சின்னப் பெண். மார்பின் இரண்டு பக்கமும் விரலால் தட்டிப் பார்த்தார். வலது பக்கம் வெறும் பானைபோல் ஒலித்தது.

"அம்மை நெஞ்சுக்குள்ளயும் பரவியிருக்கும்மா. நுரையீரல்ல ஓட்டை விழுந்து, கசிஞ்ச காத்து வெளிய போக வழியில்லாம நெஞ்சுக்குள்ள நிக்குது. அதுதான் நுரையீரலைச் சுருட்டி அமுக்குது. அந்தக் காத்தை எறக்கணும்."

விலா எலும்புகளுக்கிடையே கீறிக் குழாயைச் செருகினார்கள். மறுமுனை கட்டிலடியில், தண்ணீர் நிரப்பிய புட்டியில் முங்கியிருந்தது. தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளித்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைத்துரையின் உதட்டில் நிறம் திரும்பியது. "பசிக்குது" என்றான். மாயக்காள் அப்போதுதான் அழுதாள்.

சில நாளில் கொப்பளிப்பு நின்றது. அமுங்கிய நுரையீரல் விரிந்துவிட்டதாக எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் காய்ச்சல் விடவில்லை. ஓட்டை அடைபட்டாலும், இரண்டு பக்கமும் நிமோனியா ஏறிக்கொண்டே போனது. மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தும் மூச்சு எட்டவில்லை. ஒரு காலையில் அவள் ஈரத்துணியால் முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டான். அங்கிருந்தே தத்தனேரிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டாள்: "ரத்தம் துப்பின அன்னைக்கே கொண்டாந்திருந்தா?"

"தெரியலம்மா. சீக்கிரம் வந்திருந்தா மூச்சுக்கு உதவி செஞ்சிருப்போம். ஆனா இந்தக் கிருமியக் கொல்ற மருந்து எங்ககிட்டயும் இல்ல."

ஊரில் மலையாண்டி சொன்னதுதான் நின்றது: குழாயைச் செருகிக் கொன்னுட்டா. கருமாதி முடிந்தபின் அவரே வந்து, கோயிலில் விழுந்து குத்தத்தை ஒத்துக்கொள்ளச் சொன்னார்.

"குத்தம்னு ஆத்தாவா சொன்னா? நீங்கதான மாமா சொல்றீங்க. ஆத்தாகிட்ட எனக்கு வழக்கு இல்ல."

மகள் பிழைத்ததற்கு நேர்ந்துகொண்ட மாவிளக்கை அந்தக் கோயிலிலேயே போட்டுவிட்டு வந்தாள். புருசன் ஊருக்கு அதன்பிறகு போகவில்லை. மொக்கையன் சொல்லி மண்டியில் வாழைத்தார் அறுத்துச் சீப்பு பிரிக்கும் வேலை கிடைத்தது.

பழங்காநத்தத்தில் எந்த வாசலில் வேப்பிலை தெரிந்தாலும் அங்கே போய் நிற்பாள். உள்ளே போகமாட்டாள். "மூச்சு வாங்குதா? நெஞ்சுல வலி இருக்கா?" என்று மட்டும் கேட்பாள். சிலர் பதில் சொன்னார்கள். பலர், புருசனைத் தின்றவள் வந்துவிட்டாள் என்று கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்று, உள்ளே இருமல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள்.